பாதிரி அங்கியைக் கழற்றினார், 30 ஆண்டு ஒரே கூரையில் காதலருடன் வாழ்ந்தார்: யார் இந்த எட்வர்ட் கார்ப்பென்டர்?

திருச்செங்கோட்டு மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போனால், மேலே நிற்பவர் அர்த்தநாரீசுவரர். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துக்காரர்களுக்குப் பார்த்துப் பழகிய சாமி. மாதொருபாகன் என்று கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவோம். அந்த உருவத்தைப் பார்த்து இங்கே யாரும் திடுக்கிடுவதில்லை.

1890-91இல் இலங்கையையும் இந்தியாவையும் சுற்றிப் பார்க்க வந்த ஓர் ஆங்கிலேயர், மும்பைக்குப் பக்கத்தில் எலிஃபென்டா குகையில் இதே உருவத்தைப் பார்த்தார். பாதி ஆண், பாதி பெண்ணாக ஒரு கடவுள். அது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்ட இயல்புகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் எலிஃபென்டா சிவன் வந்து நிற்கிறார். அந்தப் புத்தகம் வெளியான ஆண்டு 1914.

அவர்தான் எட்வர்ட் கார்ப்பென்டர். கவிஞர், சோஷலிஸ்ட், முன்னாள் பாதிரியார், காய்கறித் தோட்டக்காரர், செருப்புத் தைப்பவர். ஆண்களைக் காதலித்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம்.

திருச்செங்கோட்டோடு அவரை இணைக்க இன்னொரு இழையும் உண்டு. மலையில் இருந்து கொஞ்ச தூரத்தில், புதுப்பாளையத்தில், 1925இல் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம் இருக்கிறது. ராட்டை, கதர், கிராம வாழ்க்கை என்ற காந்தியின் எண்ணங்களுக்கு அடித்தளம் போட்ட புத்தகம் 1909இல் எழுதப்பட்ட 'இந்திய சுயராஜ்யம்'. அதன் பின்னிணைப்பில், வாசகர்கள் படிக்க வேண்டும் என்று காந்தி ஒரு பட்டியல் கொடுத்தார். டால்ஸ்டாய், தோரோ, ரஸ்கின் வரிசையில் கார்ப்பென்டரின் 'நாகரிகம்: அதன் காரணமும் தீர்வும்' என்ற நூலும் உண்டு. நாகரிகம் என்பது மனித இனம் கடந்து போக வேண்டிய ஒரு நோய் என்பதுதான் அதன் வாதம். காந்தி அதை விரும்பிப் படித்தார். கார்ப்பென்டரின் காதல் பற்றிய எழுத்துகளை அந்தப் பட்டியலில் தேடாதீர்கள், கிடைக்காது.

பணக்கார வீட்டுப் பிள்ளை

1844 ஆகஸ்ட் 29. இங்கிலாந்தின் தென்கடற்கரையில், பிரைட்டன் நகரை ஒட்டிய ஹோவில் பிறந்தார் கார்ப்பென்டர். அப்பா கடற்படையில் இருந்து விலகி வழக்கறிஞர் ஆனவர். பங்கு முதலீட்டில் நல்ல வருமானம். வீடு நிறையப் பிள்ளைகள், அதில் ஆறு பேர் அக்கா தங்கைகள். அந்தச் சகோதரிகளுக்குப் பியானோ வாசிப்பதையும் கல்யாணத்துக்குக் காத்திருப்பதையும் தவிர வேறு வேலை எதுவும் அனுமதிக்கப்படவில்லை. பெண்களின் வாழ்க்கையை இந்தச் சமூகம் எப்படி வீணாக்குகிறது என்பதைத் தன் வீட்டிலேயே பார்த்தவர் அவர். பின்னாளில் பெண் விடுதலை பற்றி எழுதியபோது அந்த வீடுதான் அவர் கண்முன் நின்றது.

ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் குடும்பம். பையன் நன்றாகப் படித்தான். 1864இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரி. 1868இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே பத்தாவது இடம். உடனே அங்கேயே ஆய்வாளர் பதவி. அந்தப் பதவி எப்படிக் காலியானது தெரியுமா? அதில் இருப்பவர் மதகுருவாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு இருந்தவர் நம்பிக்கை போய்விட்டது என்று விலகிவிட்டார். அவர் லெஸ்லி ஸ்டீஃபன், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அப்பா. நம்பிக்கை இழந்தவர் காலி செய்த நாற்காலியில் கார்ப்பென்டர் உட்கார்ந்தார். சில ஆண்டுகளில் அதே காரணத்துக்காக அவரும் எழுந்தார்.

இடைப்பட்ட காலத்தில் அவர் ஆங்கிலிகன் திருச்சபையின் குருவாகப் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜில் ஒரு தேவாலயத்தில் உதவிக் குருவாக இருந்தார். அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகும் வாய்ப்பும் தேடி வந்தது. பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகப் போகிற பையனும் அதில் ஒருவர். வேண்டாம் என்றுவிட்டார்.

உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நண்பர் ஒருவர் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைத் தொகுப்பைக் கையில் கொடுத்தார். ஆண்களுக்கிடையிலான தோழமையை, உடலை, உழைக்கும் மனிதர்களை வெளிப்படையாகக் கொண்டாடும் கவிதைகள். தன் மனதில் உள்ளதற்குப் பெயர் வைக்கத் தெரியாமல் தவித்த ஒரு இளம் பாதிரிக்கு அது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரசங்க மேடையில் சொல்வதும் மனதில் உள்ளதும் ஒட்டவே இல்லை. உடம்பும் கெட்டது. 1874இல் குருத்துவத்தைத் துறந்தார். அதே ஆண்டு விட்மனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மூன்று ஆண்டு கழித்து, 1877இல், கப்பல் ஏறிப் போய் அவரை நேரிலேயே பார்த்தார்.

மதத்தை விட்டாரே தவிர, அவர் நாத்திகர் ஆகவில்லை. இது முக்கியம். சாமியைக் குறை சொல்லித் திரியாமல், வேறு வழியில் தேடினார். அந்தத் தேடல்தான் ஒரு தமிழரின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

கேம்பிரிட்ஜில் கிடைத்த தமிழ் நண்பர்

1870களின் தொடக்கத்தில் கொழும்பில் இருந்து கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்குப் படிக்க வந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தம்பி. கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமிக்கு அத்தை மகன். 1919இல் இலங்கை தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஆனவரும் இவரே. கார்ப்பென்டரைவிட ஒன்பது வயது இளையவர். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள், கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கார்ப்பென்டர் கையில் கொடுத்ததும் அருணாசலம்தான். 1883இல் வந்த 'ஜனநாயகத்தை நோக்கி' என்ற கார்ப்பென்டரின் நீள்கவிதையில் விட்மனும் கீதையும் சேர்ந்தே பேசுகிறார்கள்.

1890 இறுதியில் அருணாசலத்தின் அழைப்பை ஏற்று இலங்கை வந்தார். அப்போது அருணாசலம் குருநாகலில் நீதிபதி. அங்கே தஞ்சைப் பக்கத்தில் இருந்து வந்திருந்த இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் கார்ப்பென்டரை அழைத்துப் போனார். வாரக்கணக்கில் தினமும் போய் உட்கார்ந்தார் இந்த முன்னாள் பாதிரி. எண்ணங்களை அடக்குவது, நான் வேறு நீ வேறு என்ற பேதத்தை விடுவது என்று பேச்சு போகும். பேதம் பார்க்காமை என்ற அந்தச் சொல்லைத்தான் கார்ப்பென்டர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ்காரனும் கத்தி தீட்டுபவனும் ஒன்று என்று அவர் அரசியலில் சொல்லிவந்ததற்கு ஆன்மிகத்திலும் ஆதாரம் கிடைத்துவிட்டது.

அந்தப் பயணத்தில் தைப்பூசத் திருவிழாவைப் பார்த்தார், தென்னிந்தியக் கோயில்களைப் பார்த்தார், கடைசியில் எலிஃபென்டா. 1892இல் அந்தப் பயணம் புத்தகமானது. கோயிலைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போன வெள்ளைக்காரப் பயணிகளே அதிகம் இருந்த காலம் அது. இவர் விளக்கம் கேட்டு எழுதிக்கொண்டார்.

ரயிலில் தொடங்கிய காதல்

ஊர் திரும்பிய 1891ஆம் ஆண்டில்தான் அது நடந்தது. ஷெஃபீல்டுக்கு அருகே ஒரு ரயில் பயணம். எதிரில் இருந்த இளைஞர் ஒருவர் பார்த்த பார்வை. இறங்கி நடந்தபோது அவரும் பின்னாலேயே வந்தார். பெயர் ஜார்ஜ் மெர்ரில். ஷெஃபீல்டின் சேரிப் பகுதியில் வளர்ந்தவர். பெரிய படிப்பு இல்லை. கிடைத்த வேலையைச் செய்து பிழைப்பவர். கார்ப்பென்டரைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவர். நன்றாகப் பாடுவார், நன்றாகச் சிரிப்பார்.

இதற்குள் கார்ப்பென்டரின் வாழ்க்கை தலைகீழாக மாறியிருந்தது. கேம்பிரிட்ஜை விட்டுவிட்டு வடக்கே தொழில் நகரங்களில் சாதாரண மக்களுக்கு வானியல், இசை பற்றி வகுப்பு எடுக்கும் வேலைக்குப் போயிருந்தார். 1882இல் அப்பா இறந்தபோது சுமார் 6,000 பவுண்டு கைக்கு வந்தது. அதில் ஷெஃபீல்டை அடுத்த மில்த்தார்ப் கிராமத்தில் ஏழு ஏக்கர் வாங்கி வீடு கட்டினார். காய்கறி, பழம் பயிரிட்டுச் சந்தையில் விற்றார். நண்பர் ஒருவர் காஷ்மீரில் இருந்து அனுப்பிய செருப்பைப் பார்த்து அதேபோல் தைக்கவும் கற்றுக்கொண்டார். மூடிய ஷூவை அவர் கால்களுக்கான சவப்பெட்டி போலவே பார்த்தார். செருப்பு போட்ட சோஷலிஸ்ட் என்று இங்கிலாந்தில் பின்னாளில் ஒரு கேலி வழக்கம் உண்டானது. ஜார்ஜ் ஆர்வெல்கூட அந்தக் கேலியைச் செய்தார். அதன் மூலவர் நம்ம ஆள்தான்.

மெர்ரில் உடனே வந்து குடியேறவில்லை. ஏழு ஆண்டுகள் விட்டுவிட்டுச் சந்திப்புதான். வீட்டில் முதலில் ஒரு தொழிலாளி குடும்பம், பிறகு இன்னொரு குடும்பம் என்று கூடவே இருந்தார்கள். ஊர் பார்வைக்கு அது ஒரு மறைப்பு. 1898இல் அந்தக் குடும்பமும் கிளம்பியதும், மெர்ரில் வரட்டும் என்று முடிவெடுத்தார் கார்ப்பென்டர். நண்பர்கள் பதறினார்கள். இரண்டு ஆண்கள் மட்டும், பெண் துணையே இல்லாத வீட்டில், அதுவும் ஒருவர் சேரியில் இருந்து வந்தவர். ஊர் என்ன பேசும்? வேண்டாம், விட்டுவிடு என்று புத்திமதி சொன்னார்கள்.

பிப்ரவரி மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், மெர்ரிலின் சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து மேட்டு நிலத்தின் வழியே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அதன்பின் 30 ஆண்டுகள்.

சமையல், வீட்டைப் பளிச்சென்று வைப்பது, பூச்செடிகள் எல்லாம் மெர்ரில் கையில். மதம் சொல்லிக்கொடுக்கப்படாத மனிதர். ஒருநாள் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தபோது, மதப் பிரசாரம் செய்யும் ஒருவர் துண்டுப் பிரசுரத்தை நீட்டி, சொர்க்கத்துக்கு வழி தெரிய வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். வெயிலில் மின்னிய தோட்டத்தைக் காட்டி, நாங்கள் இருப்பதே சொர்க்கத்தில்தான், இதைவிட நல்லது வேண்டாம், போய்விட்டு வா என்று அனுப்பிவைத்தாராம் மெர்ரில். குற்றவுணர்வோடு வளர்க்கப்பட்டு, அதைக் கழற்றி எறிய முப்பது வயதுவரை போராடிய கார்ப்பென்டருக்கு, அந்தச் சுமையே இல்லாத ஒரு மனிதர் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருப்பார்! தன் சுயசரிதையில் இந்தக் கதையை ரசித்து ரசித்துச் சொல்லியிருக்கிறார்.

சினிமா காதல் போல இதைக் கற்பனை செய்யவும் வேண்டாம். இருவருக்கும் வேறு ஆண்களோடு உறவுகள் இருந்தன. கார்ப்பென்டர் பணம் உள்ளவர், எழுதுபவர், பெரிய மனிதர்கள் வந்து பார்க்கும் ஆள். மெர்ரில் வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பவர். வேலைக்காரர் என்று நினைத்தே பலர் வந்து போனார்கள், அந்த நினைப்புதான் இருவரையும் காப்பாற்றியது. எல்லோரும் சமம் என்று எழுதியவரின் வீட்டில் இந்த ஏற்றத்தாழ்வு இருந்ததா என்றால், இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அந்த உறவைப் பார்க்க வேண்டும்.

1895: வைல்ட் கைது, நண்பர்கள் மௌனம்

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1885இல் இங்கிலாந்தில் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. இரண்டு ஆண்களுக்கு இடையே எந்த வகை உடலுறவாக இருந்தாலும், நான்கு சுவருக்குள் நடந்தாலும், இரண்டு ஆண்டுவரை கடுங்காவல். மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு இது நல்ல வசதியாகப் போனது. இந்தியாவுக்கு ஆங்கிலேயர்கள் இதைவிடக் கடுமையான ஒன்றை முன்பே கொடுத்திருந்தார்கள். 1860 தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவுதான் அது, ஆயுள் தண்டனைவரை போகும்.

இந்த நிலையில் 1895 ஜனவரியில், ஆண்களுக்கு இடையிலான காதல் இயல்பானது என்று வாதிடும் சிறுநூல் ஒன்றைக் கார்ப்பென்டர் எழுதி, மான்செஸ்டரில் இருந்த தொழிலாளர் அச்சகத்தில் தனிச்சுற்றுக்காக அச்சடித்தார். மூன்றே மாதம். ஏப்ரலில் ஆஸ்கர் வைல்ட் கைது. மே மாதம் இரண்டு ஆண்டு கடுங்காவல். நாடே ஆடிப்போனது. கார்ப்பென்டரின் பதிப்பாளர் அவருடைய அடுத்த புத்தகத்தை ரத்து செய்தார், கவிதை நூலையும் கைவிட்டார். அடுத்த புத்தகத்தில் ஆண்-பெண் உறவு பற்றித்தான் பேச்சு, ஆனாலும் அந்தப் பெயரோடு எதையும் விற்க அவர் தயாராக இல்லை. 1896இல் அதையும் அதே மான்செஸ்டர் அச்சகம்தான் வெளியிட்டது. ஆண்களின் காதல் பற்றிய பகுதி அந்தப் புத்தகத்துக்குள் நுழைய 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1908இல் அதே பொருளில் தனி நூலே வந்தது.

பழமைவாதிகள் எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. வலித்தது சொந்த இயக்கம் சொன்னதுதான். தொழிலாளர் இதழ்களுக்குக் கைக்காசு கொடுத்து உதவியவர் கார்ப்பென்டர். அவர் எழுதிய பாட்டை சோஷலிஸ்ட் கூட்டங்களில் பாடினார்கள். ஆனாலும் புகழ்பெற்ற சோஷலிஸ்ட் பத்திரிகையாசிரியர் ராபர்ட் பிளாட்ச்ஃபோர்ட், இந்தப் பாலுறவுப் பேச்சையெல்லாம் இப்போது எடுக்க வேண்டாம், முதலில் பொருளாதார மாற்றம் வரட்டும், இதைப் பேசினால் மக்கள் நம்மைவிட்டு ஓடிவிடுவார்கள் என்று ஆலோசனை சொன்னார். முதலில் அது, அப்புறம் இது. எந்த இயக்கத்தில் வேலை செய்தவருக்கும் கேட்டுப் பழகிய வாக்கியம். கார்ப்பென்டர் சண்டை போடவில்லை, எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

1909இல் அடி வீட்டுவாசலுக்கே வந்தது. ஓ'பிரையன் என்ற உள்ளூர்க்காரர், சோஷலிசத்துக்குப் பரம விரோதி. சோஷலிசமும் ஒழுக்கக்கேடும் ஒன்று என்று காட்ட, கார்ப்பென்டரை நேரடியாகத் தாக்கி ஒரு பிரசுரம் அச்சடித்து வினியோகித்தார். மதத்துக்கு விரோதம், குடும்பத்துக்கு விரோதம், இயற்கைக்கு விரோதம் என்று குற்றச்சாட்டு.

கார்ப்பென்டர் அவதூறு வழக்குப் போடவில்லை. ஏன் என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை. வைல்டின் அழிவு தொடங்கியதே, அவரே போட்ட ஓர் அவதூறு வழக்கில்தான். நீதிமன்றம் ஏறியிருந்தால் மெர்ரிலைக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். மில்த்தார்ப்பில் இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்த ஊர்க்காரர்கள் இருவரையும் விரட்டவில்லை, அவர்களும் வீட்டைக் காலி செய்யவில்லை. வைல்ட் சிறைக்குப் போனார், கார்ப்பென்டர் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம்? கொஞ்சம் சாமர்த்தியம், கிராமத்து ஒதுக்குப்புறம், காதலை எழுதும்போது உடலைவிட உள்ளத்தை முன்னே நிறுத்திய எழுத்துமுறை, கொஞ்சம் அதிர்ஷ்டம்.

முதுகில் பட்ட ஒரு கை

அந்த வீட்டைத் தேடி இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் 1911இல் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். 1913இல் வந்தவர் ஈ.எம்.ஃபார்ஸ்டர், பின்னாளில் 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதியவர். தன் ஈர்ப்பை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தவர். பேசிக்கொண்டிருந்தபோது மெர்ரில் அவர் முதுகின் கீழ்ப்பகுதியில் லேசாகக் கை வைத்தார். அவ்வளவுதான். அந்தத் தொடுதலில் ஒரு நாவலே மனதுக்குள் வந்துவிட்டதாக ஃபார்ஸ்டர் பின்னாளில் எழுதினார். அதுதான் 'மாரிஸ்'. படித்த நடுத்தர வர்க்கத்து ஆணும் எஸ்டேட் வேலைக்காரனும் காதலித்து, கடைசியில் சேர்ந்தே வாழ்கிற கதை. சோக முடிவு வைக்க அவர் பிடிவாதமாக மறுத்தார். அதனாலேயே அச்சிட முடியவில்லை. அவர் இறந்த பிறகு, 1971இல்தான் புத்தகம் வெளியானது.

மெர்ரிலின் கையெழுத்தில் இலக்கியம் எதுவும் இல்லை. ஆனால் ஆங்கில இலக்கியத்தில் அவர் கை பட்டிருக்கிறது.

ஒரே கல்லறை

1922இல் இருவரும் மில்த்தார்ப்பை விட்டு, லண்டனுக்குத் தெற்கே கில்ஃபோர்டுக்குக் குடிபோனார்கள். 1924இல் கார்ப்பென்டருக்கு 80 வயது. அந்த ஆண்டுதான் ராம்சே மெக்டொனால்டு தலைமையில் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சி அரசு அமைந்திருந்தது. அமைச்சரவை மொத்தமும் கையெழுத்திட்டு அவருக்கு வாழ்த்து அனுப்பியது. இயக்கம் அவரை மதித்தது. அவர் கேட்ட சட்டமாற்றத்தை மட்டும் தொடவில்லை.

அதே 1924 ஜனவரியில் அருணாசலம் மதுரையில் காலமானார். யாத்திரை வந்த இடத்தில் முடிவு. நண்பர் தனக்கு எழுதிய ஞானம் பற்றிய கடிதங்களைத் தொகுத்து 1927இல் புத்தகமாக வெளியிட்டார் கார்ப்பென்டர். வாழ்நாளில் அவர் செய்த கடைசி வேலைகளில் அதுவும் ஒன்று.

1928 ஜனவரியில் மெர்ரில் திடீரென்று இறந்துபோனார். வயதில் சின்னவர், தன்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்வார் என்று கார்ப்பென்டர் நம்பியிருந்தவர். சில மாதங்களில் கார்ப்பென்டருக்குப் பக்கவாதம் வந்தது. அதன்பின் அவர் தேறவில்லை. 1929 ஜூன் 28 அன்று, 84 வயதில் காலமானார். கில்ஃபோர்டின் மவுண்ட் கல்லறைத் தோட்டத்தில், மெர்ரிலைப் புதைத்த அதே குழியில் அவரையும் வைத்தார்கள். மனைவி என்றோ கணவர் என்றோ சட்டம் ஒப்புக்கொள்ளாத இருவருக்கு, பக்கத்தில் பக்கத்தில் படுப்பதற்கு மட்டும் தடை இருக்கவில்லை.

இங்கிலாந்து 1885 சட்டத்தைத் தளர்த்தியது 1967இல். இந்தியாவில் 377ஆவது பிரிவின் கீழ் வயதுவந்தோரின் சம்மத உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6 அன்று. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படிப்பட்டவர்களை மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பதைத் தடை செய்யச் சொன்னது. மதுரையில் வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. 2023இல் திருமண உரிமை கேட்டபோது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. கார்ப்பென்டர் குருநாகலில் தங்கி, தமிழ் ஞானியிடம் பேதமின்மை பற்றிப் பாடம் கேட்ட நாட்களில், அவருடைய நண்பர் நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது இதே சட்டப்புத்தகத்தை வைத்துத்தான்.